நெய்யில் கிடந்த முருங்கைத் தழை

கொரோனா ஊரடங்கெல்லாம் ஓய்ந்து, சேலத்திலிருந்து ராசிபுரம் போகும் பேருந்துகளில் மறுபடியும் நிற்க இடமில்லாமல் கூட்டம் ஏறத் தொடங்கியிருந்த ஓர் ஆடி மாதத்தில் நடந்தது இது. நான் குடியிருப்பது சேலம் ஃபேர்லேண்ட்ஸில். பிறந்தது ராசிபுரத்தை ஒட்டிய ஒரு சின்ன ஊரில்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவுக்குக் கூரியர் கொண்டுவரும் தம்பிகள் எல்லோருக்கும் என் வீட்டு மாடிப்படி மனப்பாடம். துடைப்பம், பெருங்காயம், தலைவலித் தைலம் என்று எதுவானாலும் கைபேசியில்தான் வாங்குவேன். "கடை வீதியில உன்னைக் காணோம்னு தேடறாங்களாம்" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். வாங்குவதில் எனக்கென்று ஒரு முறை உண்டு. ஆகா ஓகோ என்று புகழ்ந்து எழுதியிருப்பதைத் தொடவே மாட்டேன். நேராக ஒற்றை நட்சத்திரம் கொடுத்துத் திட்டியிருப்பவர்களிடம் போவேன். எதற்காகத் திட்டுகிறார்கள் என்று பார்த்து, அந்தக் குறை எனக்குப் பரவாயில்லை என்றால் வாங்கிவிடுவேன். இவ்வளவு வாங்கத் தெரிந்தவளுக்கு விற்கத் தெரியாதா என்று எனக்குள் ஒரு மிதப்பு இருந்தது. அந்த மிதப்புதான் என்னை வம்பில் மாட்டிவிட்டது.

எனக்கு ஒரே அண்ணன். அவர் திடீரென்று போய்விட்டார். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்று கூப்பிடுவோம். நங்கைக்குக் குழந்தைகள் இல்லை. அண்ணன் கட்டிய ஓட்டு வீடும், கொட்டகையில் எருமைகளும்தான் மிச்சம். நங்கை பக்கத்துக் கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். திருச்செங்கோட்டுப் பக்கம் இருக்கும் அவருடைய அண்ணன்மார்கள், "தனியா என்னத்துக்குக் கெடக்கற? எருமையை வித்துப்போட்டு எங்களோட வந்துரு" என்று நச்சரித்தபடி இருந்தார்கள். நல்ல மனிதர்கள்தான், பாசத்தில் கூப்பிட்டார்கள். ஆடியில் வீடு மாற்றக் கூடாது என்பதால், ஆவணி பிறந்ததும் வண்டி கொண்டுவந்து சாமான்களை ஏற்றிக்கொள்வதாக முடிவே செய்துவிட்டார்கள்.

நான் பார்க்கப் போனபோது நங்கை எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். முகம் செத்துப் போயிருந்தது.

"எம் பொறந்தவங்க சொல்றதும் நாயந்தான் அம்மிணி. சோத்துக்குக் கொறையிருக்காது. ஆனா அந்த ஊட்ல எனக்குன்னு ஒரு அடுப்பு இருக்காதே" என்றார்.

நங்கை காய்ச்சும் எருமை நெய்க்கு எங்கள் சொந்தத்தில் தனிப் பேர் உண்டு. ராசிபுரத்து நெய்யிலேயே வளர்ந்தவர்கள்கூட அவர் கையால் காய்ச்சியதைக் கேட்டு வாங்கிப் போவார்கள். "நங்கை, நெய்யை ஆன்லைன்ல விக்கலாமுங்க. நல்லாப் போச்சுன்னா நீங்க எங்கியும் போக வேண்டியதில்லை. எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் அண்ணன்மார்களிடமும் நானே பேசினேன். ஆவணி வரைக்கும் பார்க்கலாம், அதற்குள் ஓடாவிட்டால் பேசியபடி வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

ராசிபுரத்தில் நெய் வாங்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விலை கேட்பதற்கு முன்னாலேயே புறங்கையை நீட்டுவார்கள். கடைக்காரர் ஒரு பொட்டு நெய்யை வைப்பார். அதைத் தேய்த்து, மோந்து பார்த்து, விரலில் மணல் மணலாக நெருடுகிறதா என்று பார்த்து, அதன் பிறகுதான் வாயைத் திறப்பார்கள். முகம் சுளித்தால் கடைக்காரரும் வற்புறுத்த மாட்டார். புறங்கை சொன்னதுதான் தீர்ப்பு. கைபேசிக்கு ஏது புறங்கை? மணத்தை எப்படி அனுப்புவது?

நான் படத்தை நம்பினேன். அகலவாய்க் கண்ணாடி பாட்டில்கள் வரவழைத்தேன். தங்க நிறத்தில் ஒரு லேபிள். ஃபேர்லேண்ட்ஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பட்டுத்துணி விரித்து, பக்கத்தில் பிளாஸ்டிக் தாமரை வைத்து, சின்னச் சின்ன விளக்குகளை எரியவிட்டுப் படம் எடுத்தேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "நெய்க்குக் காதுகுத்தா?" என்று கேட்டார்.

எங்கள் வீடுகளில் வெண்ணெய் காய்ச்சும்போது, இறக்கப் போகிற சமயத்தில் ஒரு கைப்பிடி முருங்கைத் தழையை உருவிப் போடுவோம். சடசடவென்று பொரிந்து, வீடெல்லாம் மணக்கும். அடியில் பழுப்பாகக் கசண்டு தங்கும். இரண்டையும் சுத்தமாக வடிகட்டிவிட வேண்டும் என்று நங்கையிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

"வெளியூர்க்காரங்க வாங்கறதுங்க நங்கை. கண்ணாடியாட்டம் இருக்கோணும். ஒரு துரும்பு தெரியக் கூடாது."

"தழையில்லாம நெய்யி மொட்டையாத் தெரியுமே சாமி" என்றார் அவர். ஆனாலும் நான் சொன்னபடியே வெள்ளைத் துணியில் இரண்டு தரம் வடிகட்டினார்.

"பாரம்பரியத்தின் பொன்னிறத் துளி" என்றெல்லாம் அலங்காரமாக எழுதி, ஒரு விற்பனைத் தளத்தில் போட்டேன். ஆடித் தள்ளுபடி காலம். ஊரே கைபேசியில் எதையாவது வாங்கித் தள்ளிக்கொண்டிருந்தது. எங்கள் நெய்யை மட்டும் ஒருவரும் சீந்தவில்லை. சொந்தக்காரர்களைப் பிடித்து நட்சத்திரம் போடச் சொன்னேன். எல்லோரும் ஒரே நாளில் ஐந்து ஐந்தாக வாரி வழங்கினார்கள். "சூப்பர்", "அருமை", "வேற லெவல்". நெய் வாங்கவே வாங்காத என் ஓர்ப்படி, "ஒருமுறை வாங்கினால் விட மாட்டீர்கள்" என்று எழுதியிருந்தாள். படித்தபோது எனக்கே வாங்கத் தோன்றவில்லை.

நாள் ஓடிக்கொண்டே இருந்தது. நங்கை பண்ணை வேலையை வேறு விட்டிருந்தார். தினமும் சாயங்காலம் கூப்பிட்டு, "ஆராச்சும் கேட்டாங்களா அம்மிணி?" என்பார். "வருமுங்க, வருமுங்க" என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் வந்தேவிட்டது. புனேவிலிருந்து ஒரு பெண். எங்களுக்குச் சொந்தமில்லை, பந்தமில்லை. நங்கைக்குக் கூப்பிட்டுச் சொன்னபோது அவர் குரலே மாறிப்போனது. நான் காய்ச்சலில் படுத்திருந்ததால், அவரே பார்சல் கட்டுவதாகச் சொன்னார். பண்ணையிலிருந்து பழைய முட்டை அட்டைகளை வாங்கிவந்து, பாட்டிலைச் சுற்றி மெத்தை மாதிரி வைத்துக் கட்டியிருக்கிறார். பாட்டில் சிறு கீறல்கூட இல்லாமல் புனே போய்ச் சேர்ந்தது.

போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பெண் எழுதினார். ஒற்றை நட்சத்திரம். கூடவே ஒரு படம். பாட்டிலைச் சாய்த்து, அடியை நன்றாகக் காட்டி எடுத்திருந்தார். கரும்பச்சையாகச் சுருண்ட இலைகள், அவற்றுக்கடியில் பழுப்பு நிறத்தில் ஒரு படலம். "கெட்டுப்போன நெய். உள்ளே கருகிய இலையும் அழுக்கும். வீட்டில் செய்தது என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள். யாரும் வாங்காதீர்கள்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்.

உடனே நங்கைக்குக் கூப்பிட்டேன்.

"நங்கை, பாட்டில்ல என்னுங்க போட்டீங்க?"

"தழையுங் கசண்டும் அடியில ஒரு கரண்டி போட்டேன் சாமி. மொத மொதல்ல ஒருத்தரு நம்ம ஊட்டு நெய்ய வாங்கறாங்க. வெறும் நெய்யா அனுப்ப மனசு வருமா?"

எங்கள் பக்கத்தில் வேண்டப்பட்டவர்களுக்கு நெய் கொடுத்தால் அப்படித்தான் கொடுப்பார்கள். தழையையும் கசண்டையும் சேர்த்துக் கொடுப்பது ஒரு மரியாதை. எனக்கும் அது தெரியும். தெரிந்தும் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பெண் எழுதியதை ஒரு வார்த்தை விடாமல் தமிழில் படித்துக் காட்டினேன். மறுமுனையில் எருமை ஒன்று கத்தியது மட்டும் கேட்டது.

"அழுக்குன்னா எழுதீருக்காங்க?" என்று கேட்டுவிட்டு நங்கை வைத்துவிட்டார்.

மறுநாள் ஓடினேன். காய்ச்சலாவது ஒன்றாவது. போய்ப் பார்த்தால் அண்டா, தவலையெல்லாம் விளக்கிக் கவிழ்த்து வைத்திருந்தார். அண்ணனுடைய சட்டைகளை ஒரு பெட்டியில் மடித்து அடுக்கியிருந்தார். அவருடைய அண்ணன்மார்களுக்குத் தகவல் போய்விட்டது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் வண்டி வருகிறதாம்.

அந்தப் பெண்ணுக்கு மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதலாம், அதோடு இந்தக் கடையை மூடிவிடலாம் என்றேன். நங்கை பெட்டியை மூடிவிட்டுச் சொன்னார்:

"மன்னிப்புக் கேளு. அந்தப் புள்ள பயந்துபோயிருக்கும். தழையில்லாத நெய்யி ஒரு பாட்டிலு சும்மா அனுப்பிரலாம். ஆனா குப்பைய போட்டோமுன்னு மட்டும் எழுதாத சாமி. அது குப்பையில்ல."

அப்படியே எழுதினேன். தழை போடுவது எங்கள் பக்கத்து வழக்கம், முன்கூட்டியே சொல்லாதது எங்கள் தவறு, வேறு பாட்டில் அனுப்புகிறோம் என்று சுருக்கமாக. அலங்காரமெல்லாம் எழுத அன்றைக்குத் தெம்பில்லை. வடிகட்டிய நெய்யைக் கட்டி அனுப்பிவிட்டுச் சேலம் திரும்பினேன்.

கடையை மூடுவதற்காகத்தான் பிறகு ஒருநாள் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். புனேக்காரப் பெண் எழுதியதன் கீழே யாரோ ஒருவர் பதில் போட்டிருந்தார். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தார். எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டியிருந்தது.

"அக்கா, அது அழுக்கு இல்லீங்க. முருங்கத் தழை. நானு திருச்செங்கோட்டுப் பக்கம். போர் போடற ரிக் வண்டியில வந்து சத்தீஸ்கர்ல கெடக்கறேன். எதை வாங்கறதுன்னாலும் மொதல்ல திட்டுனதத்தான் படிப்பேன். இந்தப் படத்தப் பாத்துட்டு மேல படிக்க முடியலீங்க. எங்கம்மா நெய்யி காச்சி ஊத்துனதுக்கப்புறம் வடச்சட்டியில சுடுசோத்தப் போட்டுப் பெரட்டும். எனக்கும் தங்கச்சிக்கும் உருட்டி உருட்டிக் குடுக்கும். தழை ஆருக்குன்னு நாங்க அடிச்சுக்குவோம். அம்மா இப்ப இல்லீங்க. விக்கறவங்க இதப் பாத்தா ஒண்ணு கேக்கறேன். எனக்குத் தழையோட அனுப்புவீங்களா?"

நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிளாஸ்டிக் தாமரை இன்னும் அங்கேயேதான் இருந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், வாய்விட்டு அழுதேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு வடச்சட்டி இருந்தது. நெய் வடித்த சட்டியை அம்மா இறக்கி வைத்ததும் அண்ணனும் நானும் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொள்வோம். சூடு ஆறும்வரை பொறுக்காது. அண்ணன் கசண்டில் நாட்டுச்சர்க்கரையைத் தூவி, சட்டியின் நடுவே விரலால் ஒரு கோடு போடுவார். இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் எனக்கு. கோட்டைப் போட்டுவிட்டு, தன் பக்கத்துத் தழையை எல்லாம் பொறுக்கி என் பக்கம் தள்ளிவிடுவார். "எனக்குத் தழை பிடிக்காது" என்பார். நானும் நம்பினேன். நங்கை வீட்டுக்கு வந்த புதிதில், "உங்க அண்ணனுக்குத் தழைன்னா உசுரு. எனக்கு ஒண்ணுகூட வெக்கறதில்லை" என்று அலுத்துக்கொண்டபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அவர் போன பிறகு இதை நினைக்கவே பயந்து ஒதுக்கி வைத்திருந்தேன். யாரென்றே தெரியாத ஒருவர், மண்ணும் எண்ணெயுமாக எங்கேயோ ரிக் வண்டியடியில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் அண்ணனை என் முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்.

நங்கைக்குக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். "தங்கச்சிக்கும்" என்ற இடத்தில் எனக்குக் குரல் உடைந்தது. அவரும் அழுதார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்தத் தம்பிக்கு நெறையாத் தழை போடறேன். வெண்ணெய் இருக்குது, இப்பவே காச்சிடறேன்" என்றார். கவிழ்த்து வைத்த அண்டாவை நிமிர்த்தும் சத்தம் கேட்டது.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். அந்தத் தம்பி எழுதியதைத் தன் கூட வேலை செய்பவர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார். ஒருவர் பின் ஒருவராக அதன் கீழே எழுத ஆரம்பித்தார்கள். கேரளத்துக்கு முட்டை லோடு ஓட்டும் ஒருவர், பெங்களூரில் கணினி வேலையில் இருக்கும் நாமக்கல் பெண், துபாயில் இருக்கும் ஆத்தூர் நர்ஸ். ஒருவருக்கு அக்காவோடு சண்டை, ஒருவருக்கு அத்தை பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்ட நினைவு, ஒருவர் வீட்டில் சோற்றுக்குப் பதில் களியைப் போட்டுப் புரட்டுவார்களாம். களியா சோறா என்று இரண்டு பேர் அங்கேயே வாய்ச்சண்டை போட்டுக்கொண்டார்கள். எல்லோரும் கடைசியில் கேட்டது ஒன்றுதான்: தழையோடு வேண்டும். நான் பார்த்துப் பார்த்து எடுத்த பட்டுத்துணிப் படத்தைப் பற்றி ஒரு ஜீவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

புனேக்காரப் பெண் எனக்குத் தனியாக எழுதினார். "உங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் சேர்ந்து, ஆங்கிலத்தில் வேறு எழுதி, என்னைச் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லிப் பாடாய்ப் படுத்துகிறார்கள். முதல் பாட்டிலைக் கொட்டாமல் வைத்திருந்தேன். சூடான சோற்றில் போட்டுச் சாப்பிட்டோம். இப்போது என் மகன் பாட்டிலைத் தர மாட்டேன் என்கிறான். நான் எழுதியதை நீக்கிவிடட்டுமா?" என்று கேட்டிருந்தார். நல்ல மனசு. நீக்கச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். நங்கையிடம் கேட்டேன்.

"ஐயோ, வேண்டாமுன்னு சொல்லு சாமி. அந்தப் புள்ள புடிச்ச போட்டோவப் பாத்துதான அல்லாரும் வாராங்க. நீ புடிச்சதத்தான் எடுக்கோணும்."

என் பட்டுத்துணிப் படத்தை எடுத்துவிட்டேன். இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் முதலில் தெரிவது அந்த ஒற்றை நட்சத்திரமும், சாய்த்துப் பிடித்த பாட்டிலும்தான்.

ஆவணி பிறந்தது. நங்கையின் அண்ணன்மார்கள் சொன்னபடி வண்டியோடு வந்துவிட்டார்கள். நானும் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன். நங்கை என்ன சொல்லப் போகிறாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். வெளியூர் போக வேண்டிய நெய்ப் பெட்டிகள் வாசலில் அடுக்கியிருந்தன. முட்டை அட்டைகள் ஒரு பக்கம் மலையாகக் கிடந்தன.

அண்ணன்மார்களில் பெரியவர் பெட்டிகளையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மிணி இதெல்லாம்? சாமான் எடுத்து வெக்கலியா?"

"நான் வரலீங்க அண்ணா" என்று நான் வாயெடுப்பதற்குள் நங்கையே முந்திக்கொண்டார். குரலில் நடுக்கமே இல்லை. "கோவிச்சுக்காதீங்க. வண்டி வெறுமெனத் திரும்ப வேண்டாமுங்க. இந்தப் பெட்டியெல்லாம் ஏத்திட்டுப் போயி ராசிபுரத்துக் கூரியர் ஆபீஸ்ல எறக்கிப்போட்டுப் போயிருங்க. உங்க ரெண்டு பேருக்கும் தனியாக் கட்டி வெச்சிருக்கறேன். தழை போட்டுத்தானுங்க."

பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு முதல் பெட்டியைத் தூக்கினார். "ஒடையற சாமானா? பாத்து ஏத்துங்கடா" என்று வண்டிக்காரரை அதட்டினார். தங்கையின் வீட்டைக் காலி செய்ய வந்த வண்டி, தங்கையின் நெய்யைச் சுமந்துகொண்டு கிளம்பிப் போனதை வாசலில் நின்று பார்த்தோம். நங்கை என் கையை விடவே இல்லை.

இப்போதும் ஏதாவது வாங்கக் கைபேசியைத் திறந்தால், முகம் தெரியாத யாரோ எழுதிய நாலு வரியை என்னால் சட்டென்று தள்ளிவிட்டுப் போக முடிவதில்லை. எங்கேயோ வேலை முடிந்து களைத்துப்போன ஒரு மனிதர் தன் அம்மாவை நினைத்துக்கொண்டு எழுதிய அப்படிப்பட்ட நாலு வரிதான், என் நங்கையை அவர் வீட்டிலேயே இருக்க வைத்தது.